கிழிசலில் ஜெயித்தது, பட்டில் வாங்கியது

தேசியத் திரைப்பட விருது விழாவில் உறையைப் பிரிக்கிற படபடப்பு கிடையாது. யாருக்கு விருது என்பது மாதக்கணக்கில் முன்னாலேயே தெரிந்துவிடும். 67-வது விருதுகளை அறிவித்தது 2021 மார்ச் 22-ல். கையில் கொடுத்தது அக்டோபர் 25-ல். ஏழு மாதம் ஆறின சேதி. அப்புறம் அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், எங்கள் ஆலங்குளத்துப் பெண்களிடம் பதில் தயாராக இருக்கும்: யார் என்ன கட்டிக்கிட்டு வாராகன்னு பார்க்க வேணாமா?

துணி பார்க்கத் தெரிந்த சீமை இது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ராஜபாளையத்தில் நூற்பாலைகள், அருப்புக்கோட்டையில் சேலைத் தறிகள். பட்டாசு ஆலைக்குப் போகிறவர்களுக்கோ துணி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நைலான், பாலியஸ்டர் உடுத்தி மருந்து அறைக்குள் போகக் கூடாது. உரசலில் மின்சாரம் பிறந்து ஒரு பொறி கிளம்பினால் போதும். பருத்திதான் கட்ட வேண்டும். அதனால் ஒரு சேலை தூரத்தில் வரும்போதே நூலா, கலப்பா என்று சொல்லிவிடுகிற கண் இங்கே பலருக்கு உண்டு. எங்கள் பெரியம்மாவுக்கு அந்தக் கண். ராத்திரிச் செய்தியில் விழாவைக் காட்டும்போது டிவியை ஒட்டி உட்கார்ந்துகொள்வார். எந்தப் படத்துக்கு விருது என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். "மடிப்பு நிக்கல பாரு. யாரோ அவசரத்துல கட்டிவிட்டிருக்கா" என்பதுதான் முதல் தீர்ப்பு.

இதை வெறும் வம்பு என்று தள்ளிவிட முடியாது. படத்தில் உடுத்தியிருந்ததையும் மேடையில் உடுத்தி வந்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நடிப்பைப் பற்றி எந்த விமர்சனத்திலும் வராத சில சங்கதிகள் கண்ணில் படும்.

அந்த 2021 விழாவையே எடுத்துக்கொள்வோம். 'அசுரன்' படத்துக்காகச் சிறந்த நடிகர் விருதை, மனோஜ் பாஜ்பாயுடன் பகிர்ந்துகொள்ள வந்த தனுஷ் வேட்டி சட்டையில் இருந்தார். டெல்லி விஞ்ஞான் பவன் மேடைக்குக் கோட்டு சூட்டும் பொருந்தும், வேட்டியும் பொருந்தும். நடக்கிற நடையில்தான் வித்தியாசம். படத்தில் அவர் நடித்த சிவசாமி கட்டியிருந்தது கசங்கி மண்ணேறிய வேட்டி. அதைவிட அந்தப் படத்தில் மறக்க முடியாதது ஒரு ஜோடி செருப்பு. இளம் சிவசாமி ஆசையாக வாங்கிக்கொடுத்த செருப்பைக் காலில் போட்டு நடந்த குற்றத்துக்காக ஒரு பெண்ணை அதைத் தலையில் சுமந்து நடக்க வைப்பார்கள். யார் எதை உடுத்தலாம், எதைக் காலில் போடலாம் என்பதற்கு ரத்தம் சிந்திய மண்ணின் கதை. மூலக்கதை 'வெக்கை', எழுதிய பூமணி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அந்தக் கதைக்கான விருதை வாங்க வெளுத்த வேட்டியில், ஷூ போட்ட அத்தனை பேருக்கும் நடுவே ஒருவர் நடந்துபோவது எனக்குச் சும்மா உடை அலங்காரமாகத் தெரியவில்லை.

அதே மேடையில் ரஜினிகாந்துக்கு தாதாசாகேப் பால்கே விருது. குரு பாலசந்தர், அண்ணன் சத்தியநாராயணா, பஸ் ஓட்டுநராக இருந்த நண்பர் ராஜ் பகதூர் என்று அவர் நன்றி சொன்னது எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் அன்றைக்குப் பேச்செல்லாம் விஜய் சேதுபதியைப் பற்றி. ராஜபாளையத்தில் பிறந்தவர், ஆகவே நம்ம ஊர்ப் பையன். அவர் ஜெயித்ததோ சேலையில்! 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் பல வருஷம் கழித்து வீடு திரும்பும் மாணிக்கம், திருநங்கை ஷில்பாவாகச் சேலையில் வந்து இறங்குவார். கண்ணாடி முன்னால் நின்று அவர் சேலை கட்டுகிற இடத்தை நிறுத்திப் பாருங்கள். வேஷம் போட்ட ஆண்கள் சேலையை உடம்பில் சுற்றுவார்கள், இவர் கட்டுகிறார். கையில் அவசரம் இல்லை, கேலி இல்லை. அந்தப் பாத்திரம் எழுதப்பட்ட விதத்தில் திருநங்கைகள் சிலர் கண்ட குறைகளில் நியாயம் உண்டு. சேலைக் கட்டில் மட்டும் குறை சொல்ல ஆளில்லை. பெரியம்மாவே "கட்டத் தெரிஞ்சிருக்கு" என்றார். அவரிடம் அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது.

2023 அக்டோபர் 17-ல் ஆலியா பட் 'கங்குபாய்' படத்துக்கான விருதை வாங்கத் தன் கல்யாணச் சேலையிலேயே வந்தார். சப்யசாச்சி வடிவமைத்த, தந்த நிற ஆர்கன்சா. கட்டினதையே மறுபடி கட்டிவிட்டார் என்று நாடே அதிசயப்பட்டது. எங்கள் பக்கம் இதை எப்படிச் சேதியாக எடுத்துக்கொள்வது என்று புரியாமல் விழித்தார்கள். முகூர்த்தப் பட்டை அந்துருண்டை வாசத்தோடு பீரோவிலிருந்து எடுத்து, கொழுந்தன் கல்யாணம், நாத்தனார் வளைகாப்பு, பிள்ளை காதுகுத்து என்று வருஷக்கணக்காகக் கட்டுகிறவர்கள் இவர்கள். இருந்தாலும் ஆலியா செய்தது அழகுதான். அந்தத் துணிக்குப் பகட்டில்லை. வெளிச்சத்தை வாங்கி மெதுவாகத் திருப்பித் தருகிற நெசவு.

பட்டு என்றதும் எனக்கு 'காஞ்சிவரம்' நினைவு வரும். 55-வது விருதுகளில் சிறந்த படம். நெசவாளி வேங்கடமாக நடித்த பிரகாஷ் ராஜ் சிறந்த நடிகர். மகளைப் பட்டுடுத்திக் கட்டிக்கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு, அதற்காகத் தறிக்கூடத்திலிருந்து பட்டு நூலை வாய்க்குள் ஒளித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவரும் மனிதன். அதைப் பார்த்த பிறகு விழா மேடையில் ஜரிகை மினுங்கும்போதெல்லாம் அந்த அடக்கிய வாய் கண்ணுக்குள் வந்துபோகிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 2024 அக்டோபர் 8. 'திருச்சிற்றம்பலம்' படத்துக்காக நித்யா மேனன் சிறந்த நடிகை விருதை மானசி பரேக்குடன் பகிர்ந்துகொண்டார். அதற்கு முந்தின நாள் 'இட்லி கடை' படப்பிடிப்பில் கையால் சாணி அள்ளி வரட்டி தட்டியிருக்கிறார். குடியரசுத் தலைவர் முன்னால் போய் நின்றபோது நகக்கண்ணில் சாணி ஒட்டியிருந்தது என்று பின்னால் பேட்டியில் அவரே சந்தோஷமாகச் சொன்னார். ஒப்பனைக்காரர் முகத்தைப் பார்ப்பார், கேமரா சேலையைப் பார்க்கும். நகக்கண்ணை யார் பார்க்கப்போகிறார்கள்? பட்டாசுக்கு மருந்து செலுத்தும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அலுமினியப் பவுடர் ரேகைக்குள் இறங்கிவிட்டால் எத்தனை சோப்பு போட்டாலும் உள்ளங்கை வெள்ளியாக மினுங்கும். அந்தக் கையோடுதான் கல்யாண வீட்டில் சந்தனம் எடுப்பார்கள்.

தனியார் டிவிக்கள் பண்டிகை நாளில் பாகம் பாகமாகப் போடும் விருது விழாக்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. உட்கார முடியாத கவுன், அதைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள். ஆஸ்கரில் 1961 முதல் சிவப்பாக இருந்த கம்பளத்தை 2023-ல் ஷாம்பெயின் நிறத்துக்கு மாற்றினார்கள். அதுவும் ஒரு சேதி.

ஆனால் ஆஸ்கரைத் துணியோடு சேர்த்துப் பேசுவதில் நமக்கு ஓர் உரிமை உண்டு. ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் பானு அத்தையா. 1983-ல், 'காந்தி' படத்தின் ஆடை வடிவமைப்புக்காக, ஜான் மோலோவோடு சேர்ந்து வாங்கினார். உலகத்து நட்சத்திரங்கள் பளபளத்த அரங்கில் பரிசு போனது கதருக்கும் அரைவேட்டிக்கும். அந்த அரைவேட்டியை காந்தி கட்டத் தொடங்கியது 1921 செப்டம்பர் 22-ல், எங்களுக்குக் கிட்டக்க இருக்கும் மதுரையில், மேல மாசி வீதியில்.

நம் தேசிய விருதிலும் இப்படி ஒரு தருணம் உண்டு. 'பரதேசி' படத்துக்காக 2013-ல் பூர்ணிமா ராமசாமிக்குச் சிறந்த ஆடை வடிவமைப்பு விருது. தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகப்பட்ட கொத்தடிமைகளின் உடை அது. சாக்குப்போலச் சொரசொரத்து, வேர்வையிலும் மழையிலும் நைந்து, அந்தந்த உடம்போடு சேர்ந்தே வயதானதாகத் தெரியும். புதுத்துணியைப் பளிச்சென்று காட்டுவது சுலபம். நைந்த துணியை நம்பும்படி காட்ட, அது எங்கே முதலில் கிழியும் என்று தெரிந்திருக்க வேண்டும். தோள்பட்டை, முட்டி, இடுப்பு மடிப்பு. ராத்திரிச் செய்திகள் இந்த விருதைத்தான் முதலில் வெட்டிவிட்டு நடிகைகளையே நாலு தரம் காட்டும். தூர்தர்ஷனில் விழா வெட்டில்லாமல் முழுசாக வரும்; பகல் வேளை, விளம்பர இரைச்சலும் குறைவு. அதில் பார்ப்பதுதான் நல்லது.