கிராமத்துச் சபையில் முடிவு யாருடையது?

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனின் மார்கரெட் டிரைவில், முன்பு வீனஸ் திரையரங்காக இருந்த கட்டடத்தில் ஓர் ஆங்கிலிகன் சபை கூடுகிறது. காமன்வெல்த் டிரைவில் ஃபெய்த் மெதடிஸ்ட் சபை இருக்கிறது. இவை சார்ந்த திருச்சபைகளின் ஊழியம் இந்தத் தீவோடு நிற்பதில்லை. கம்போடியா, லாவோஸ், வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா, நேப்பாளம் ஆகிய நாடுகளின் ஆங்கிலிகன் சபைகள் சிங்கப்பூர்ப் பேராயத்தின் பொறுப்பில் வளர்ந்தவை. மெதடிஸ்ட் திருச்சபையும் 1991இல் தனக்கென மிஷனெரிச் சங்கம் அமைத்துக்கொண்டது. 1885இல் வில்லியம் ஓல்டம் வந்து தொடங்கிய மெதடிஸ்ட் ஊழியம் அயலார் காணிக்கையில் வேர்விட்டது. வாங்கிய சபை கொடுக்கும் சபையாகியிருப்பது உள்ளபடியே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் ஒரு கிராமத்துப் போதகரின் மாதச் சம்பளம் கடல் கடந்து வரும்போது, அந்தச் சபையின் முடிவுகள் யார் கையில் இருக்கின்றன? உதவியின் அளவைவிட இந்தக் கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதை எடைபோட ஓர் அளவுகோல் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது; அந்தத் திருத்தங்கள் 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, வெளிநாட்டிலிருந்து ஒரே தவணையில் 10,000 வெள்ளியோ அதற்கு மேலோ நன்கொடை பெறும் சமய அமைப்பு அதைத் தெரிவிக்க வேண்டும். தலைவரும் செயலாளரும் பொருளாளரும் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர் குடிமக்களாக இருக்க வேண்டும். வெளிப்பணத்தின் வழியே வெளிச்செல்வாக்கும் வரும் என்பதே இதன் அடிப்படை. சிங்கப்பூர்ச் சபைகள் இந்த விதிகளுக்கு உட்பட்டுத்தான் இயங்குகின்றன. அப்படியானால் கம்போடியக் கிராமத்துச் சபைக்கும் அதே காப்பு வேண்டாமா? அங்கே எந்தக் கட்டடம் எழும்ப வேண்டும், யார் போதகராக வேண்டும் என்பதை இங்கிருக்கும் குழு தீர்மானித்தால், தனக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய ஆபத்தை ஏழைச் சபையின் தலையில் கட்டுவதாகிவிடும்.

பணம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவே சான்று. கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ உதவி அமைப்பு உள்ளூர்ச் சபைகள் வழியாகச் சுமார் 1,45,000 பிள்ளைகளுக்கு உதவி வந்தது. அரசு அதன் பணவரவைக் கட்டுப்படுத்தியதால் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டே வெளியேறியது. அரசின் முடிவு சரியா தவறா என்பது தனி விவாதம். மாதாமாதம் வந்த உணவும் பள்ளிச் செலவும் நின்றதைப் பிள்ளைகள்தாம் தாங்க வேண்டியிருந்தது. நேப்பாளத்தில் இடர் வேறு வகையானது. 2015 அரசமைப்பு ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. பின்னர் வந்த குற்றவியல் சட்டம் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. இங்கிருந்து போகும் குழு ஒரு வாரத்தில் விமானம் ஏறிவிடும், வழக்கு வந்தால் உள்ளூர்ப் போதகர்தான் நிற்க வேண்டும். அரிசி மூட்டையும் சுவிசேஷக் கூட்டமும் ஒரே மேடையில் வரலாமா என்பதை முடிவு செய்யும் உரிமை அவருக்கே உரியது. சேர்த்துக் கொடுப்பது அவர்மீது சந்தேகத்தை வளர்க்கும். வாங்குபவரின் விசுவாசத்தையும் கொச்சைப்படுத்தும்.

‘ஏழைகளால் தங்கள் போதகரைத் தாங்க முடியாது, அதனால்தான் நாம் கொடுக்கிறோம்’ என்பது வலுவான மறுப்பு. இதற்கு விடை திருநெல்வேலியில் இருக்கிறது. 1903இல் அங்கு உருவான இந்திய மிஷனெரிச் சங்கம், தமிழ்ச் சபைகளின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது. அதன் முன்னோடி வெள்ளாளன்விளை வே. ச. அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். அதற்கு ஈராண்டு முன், எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், மேலை மிஷனெரிகள் பணமும் உழைப்பும் தருகிறார்கள், நட்பைத் தருவதில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். மிசோரமில் 1910 முதல் பெண்கள் உலையில் இடும்முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதைக் கொண்டே சபையையும் ஊழியர்களையும் தாங்கி வருகிறார்கள். தோர்ணக்கலுக்கும் வெளிநாட்டுப் பணம் வந்தது உண்மைதான். ஆகவே வெளிப்பணமே கூடாது என்று நான் வாதிடவில்லை. வெளிப்பணம் வரவர உள்ளூர்க் காணிக்கை வற்றுகிறதா, வளர்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

‘கணக்குக் கேட்காமல் கொடுத்தால் முறைகேடு நடக்காதா?’ என்பார்கள். நடக்கும். ஆனால் அந்தக் கணக்கை முதலில் கிராமச் சபையாரின் முன்னால், அவர்கள் மொழியில் வாசிக்க வேண்டும். சிங்கப்பூருக்கு அதன் நகல் வந்தால் போதும். தங்கள் போதகருக்கு வருவது எவ்வளவு என்று தெரிந்த சபையார், தொலைவிலிருந்து வரும் எந்தத் தணிக்கையாளரைவிடவும் கூர்மையாகக் கேட்பார்கள். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பேரிடரில் தாமதமின்றிக் கொடுக்கலாம். போதகர்களின் இறையியல் பயிற்சிக்குத் தாராளமாகச் செலவிடலாம், கற்றது அவர்களோடு தங்கிவிடும். மாதச் சம்பளத்துக்கு மட்டும் முதல் ஒப்பந்தத்திலேயே முடிவு ஆண்டைக் குறிக்க வேண்டும். ஆண்டுதோறும் சிங்கப்பூரின் பங்கு எவ்வளவு குறையும், சபையின் பங்கு எவ்வளவு கூடும் என்பதை அந்தச் சபையாரே எழுதித் தர வேண்டும்.