அசனத்தின் மூன்று மரபுகள்

தென்மாவட்டக் கிறிஸ்தவர்கள் கூடி உண்ணும் பொது விருந்தான அசனம் மூன்று வழிகளில் நடந்துவருகிறது: கத்தோலிக்கரின் நேர்ச்சை அசனம், குமரி மாவட்டத்துப் பெரிய வெள்ளிக் கஞ்சி, நெல்லைச் சபைகளின் பண்டிகை அசனம்.

உவரியிலும் புளியம்பட்டியிலும் அந்தோனியார் பெயரால் கொடுக்கப்படுவது நேர்ச்சை அசனம். ஏழைகளுக்கு அப்பம் கொடுக்கும் அந்தோனியார் பக்தியோடு சேர்ந்தது இது. நேர்ந்துகொண்ட குடும்பமே செலவை ஏற்கும். வந்து அமர்பவர் யார், எந்த மதம் என்று கேட்பதில்லை. கேட்காமல் இலை போடுவதே அதன் தரம்.

பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு ஆடம்பரம் கிடையாது. மும்மணி ஆராதனை முடியும்வரை உபவாசம். பிறகு கஞ்சி, பயறு, துவையல். நோன்பின் உணவு என்பதால் எளிமை குறையாதவரை அதில் பிழை நேர இடமில்லை.

விரிவாகச் சொல்ல வேண்டியது நெல்லை மரபு. 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உருவானது. பிறகு இடையன்குடி, மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் எனச் சபைகள் பெருகின. இச்சபைகளில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் பண்டிகைக்கு வெகுநாள் முன்பே வீட்டு அடுப்படியில் தொடங்கிவிடும். உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் கலயத்தில் தனியே எடுத்துவைத்த கைப்பிடி அரிசி கோயிலுக்கு வந்து சேரும். ஒருவர் கிடாய் விடுவார், ஒருவர் விறகு தருவார், ஒருவர் தேங்காய் இறக்குவார். முந்தின இரவு பெண்கள் கூடி உட்கார்ந்து வெங்காயமும் கத்தரிக்காயும் நறுக்குவார்கள். ஆண்கள் அடுப்புக்குழி வெட்டி அண்டா ஏற்றுவார்கள். உப்பும் புளியும் சரிபார்ப்பது மூத்தவர் பொறுப்பு. சபை மூப்பர்கள் கட்டிக்காத்த ஒழுங்கில் குருவானவர் ஜெபம் பண்ணாமல் முதல் இலை விழாது. பரிமாறுகிறவர் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒரே பந்தி. திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தா பேராயர் தானியேல் உவில்சன் 1833இல் சுற்றுமடல் எழுத வேண்டியிருந்தது. ஆலயத்தில் தனித்தனியே அமர்ந்து பழகியவர்களை அடுத்தடுத்த இலையில் உட்காரவைப்பது மடல் எழுதுவதைவிடக் கடினமான வேலை. அதைச் செய்த இடங்களில் செய்தது அசனப் பந்தி.

இன்று பொறுப்பேற்பவர்களின் உழைப்பைக் குறைசொல்வதற்கில்லை. கூட்டம் பெருகிவிட்டது, வெளியூரிலிருந்து வருவோருக்கு அவசரமும் உண்டு. ஆனாலும் சில இடங்களில் சமையல் மொத்தமாகக் காண்டிராக்ட்டுக்குப் போய்விட்டது. கைப்பிடி அரிசிக்குப் பதில் காணிக்கைக் கவர் வந்துவிட்டது. டோக்கன் கொடுத்து வரிசையில் நிற்கவைக்கிறார்கள். நன்கொடையாளருக்குத் தனி மேசை, மற்றவருக்குப் பார்சல். கறி மிருதுவாக வெந்திருக்கலாம், மசாலா மணக்கலாம். ஆனால் நறுக்கிய கை சபையின் கை இல்லை, பக்கத்து இலையும் இல்லை. பார்சலை வாங்கி வீட்டுக்குப் போகிறவர் சபையாரில் எவர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குப் பந்தி விசாரிக்கத் தெரியவில்லை, இலையை எந்தப் பக்கம் போடுவதென்றும் தெரியவில்லை. சபைக்குள் வழக்குகள் பெருகுவதற்கும், இளைஞர் ஆலயத்தைவிட்டு விலகுவதற்கும், மூப்பர் சொல் எடுபடாமல் போவதற்கும் காரணம் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அசனக் கொட்டகை. தனி மேசை போட்ட நாளிலேயே 1833ஆம் ஆண்டு மடலைக் கிழித்தாயிற்று.

சேகரக் கமிட்டிகள் வரும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முன்பே கைப்பிடி அரிசிக் கலயங்களை வீடுகளுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும். தனி மேசையை எடுத்துவிட வேண்டும்.