துறைமுக நகரமும் 'அந்நியர்' என்ற சொல்லும்

2021 மே மாதம் கொழும்புத் துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் 149க்கு 58 என்ற வாக்குகளால் நிறைவேறியது. கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் நிலத்துக்கு ஒரு தனிச் சட்டம். மசோதாவின் சில பிரிவுகளுக்குச் சர்வஜன வாக்கெடுப்பே தேவை என உயர் நீதிமன்றம் கூறியதும், அரசாங்கம் அவற்றைத் திருத்திக்கொண்டு சாதாரண பெரும்பான்மையோடு கரையேறிற்று.

அன்று இரண்டு குரல்கள் உரத்துக் கேட்டன. 'நாடு சீனாவுக்குப் போய்விட்டது' என்பது தென்னிலங்கைத் தேசியவாதிகளின் குரல். எம்மவர் பலரும் அதையே கொஞ்சம் குதூகலத்தோடு திருப்பிச் சொன்னார்கள். மற்றது, 'டொலர் வரட்டும், வீசாவைத் தாராளமாகக் கொடுங்கள்' என்ற வர்த்தகர் குரல். இரண்டுமே பிரச்சினையைப் பிழையான இடத்தில் வைக்கின்றன. அந்நியர் வரலாமா என்பதல்ல கேள்வி. எந்த அளவுகோலால் ஒருவரை அந்நியர் என்கிறோம் என்பதே கேள்வி.

இச்சட்டம் பிரஜை, அந்நியர் என்று மட்டும் பார்ப்பதில்லை. நாட்டில் வதிபவர், வதியாதவர் என்றும் பிரிக்கிறது. முதலீடு வெளிநாட்டு நாணயத்தில் வரவேண்டும். அங்கு வேலை செய்பவருக்குச் சம்பளமும் வெளிநாட்டு நாணயத்திலேயே. நாட்டில் வதிபவர் அங்கே வாங்கிய பொருளை வெளியே கொண்டுவரும்போது அவரிடம் தீர்வை அறவிடலாம். காலிமுகத்திடலில் நிற்கும் கொழும்புவாசி பக்கத்து நிலத்துக்குப் போய்த் திரும்பும்போது எல்லை கடந்து வருபவராகிறார். டொலர் கொண்டுவருபவரே அங்கு வீட்டுக்காரர்.

இந்த அளவுகோல் அந்த வேலியோடு நிற்கவில்லை. 2022 ஏப்ரலில், நாடு வங்குரோத்தான வேளையில், ஓர் இலட்சம் அமெரிக்க டொலரை வைப்பிலிடும் வெளிநாட்டவருக்குப் பத்தாண்டு வீசா வழங்கும் திட்டத்துக்கு அமைச்சரவை அனுமதியளித்தது.

இதே அரசின் பழைய கணக்கையும் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அந்நியரின் வருகையையும் வீசாவையும் ஆளும் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் அதே ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். தேயிலையால் அந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக்கொடுத்த மக்களை 1964இல் இரு பிரதமர்கள் எண்ணிப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பிறகு பார்க்கலாம் என்று. மிஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 55 ஆண்டுகள்!

வீசா வேறு, பிரஜாவுரிமை வேறு என்று சிலர் வாதிடுவார்கள். சட்டப்புத்தகத்தின்படி சரி. ஆனால் இரண்டிலும் அரசு கேட்பது ஒரே கேள்வி: நீ என்ன கொண்டுவந்தாய்? வங்கியில் வைத்த பணத்துக்கு உடனே மதிப்பு. நான்கு தலைமுறை உழைப்புக்கு மதிப்பில்லை.

வலயத்துக்குள் வரும் தொழிலாளியின் நிலை என்ன? 'மூலோபாய முக்கியத்துவம்' வாய்ந்த வர்த்தகங்களுக்கு விலக்களிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலில் வரிச் சட்டங்களுக்கு நடுவே 1971ஆம் ஆண்டின் வேலைநீக்கச் சட்டமும் இருக்கிறது. ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நீக்குவதாயின் அவரது இசைவு அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும் என்பது அச்சட்டம். இந்தப் பாதுகாப்பும் இல்லாமல், வீசாவும் முதலாளியின் கடிதத்தில் தொங்கினால், அந்த மனிதர் வாய் திறப்பாரா? வேலை போனால் வதிவிடமும் போகும் என்ற பயம் எப்படிப்பட்டது என்று தொழிற்சாலைகளில் நிற்கும் எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தப் பயம் பக்கத்தில் நிற்கும் உள்ளூர்த் தொழிலாளியின் சம்பளத்தையும் கீழே இழுக்கும்.

ஆகவே கேட்கவேண்டியது வீசாவை இறுக்கு என்பதல்ல. வீசா முதலாளியிடமிருந்து பிரிக்கப்படவேண்டும். எந்தக் கடவுச்சீட்டுக்காரருக்கும் வேலை மாறவும் சங்கம் சேரவும் உரிமை வேண்டும். வதிந்த ஆண்டுகளே நிலையான வதிவிடத்துக்கு ஆதாரமாகவேண்டும். தஞ்சம் கோரிய நாடுகளில் நாம் எமக்காகக் கேட்பதும் இதைத்தானே?

இன்னொன்றும் உண்டு. இன்று எம்மிற் பலரிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது. அச்சட்டத்தின் மொழியில் நாமே 'வதியாதவர்'. அகதியாக வெளியேறியவருக்கு முதலீட்டாளராகத் திரும்பும் கதவு திறந்திருக்கிறது. அக்கதவால் நுழைய விரும்புவோர், உள்ளே துணி தைக்கவும் தரை கூட்டவும் நிற்பவர்களின் வீசாவைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை இந்தப் பக்கங்களிலேயே எழுதட்டும்.