கண்ணா மரத்து மரபணுவும் மன்னார் உவர் வயலும்

விடத்தல்தீவுக் கரையில் சேற்றுக்குள் நிற்கும் கண்ணா மரத்தின் இலையை வெயில் நேரத்தில் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். உறிஞ்சிய உப்பை இலை வழியே கக்கிவிடும் மரம் அது. தமிழ்நாட்டில் வெண்கண்டல் என்பார்கள். இந்த மரத்தின் மரபணு ஒன்றைச் சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பூசா பாஸ்மதி-1 நெல்லுக்குள் ஏற்றி, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். உவரோடு மல்லுக்கட்டும் மன்னார்க் கமக்காரருக்கு இனிப்பான செய்திதான். ஆனால் விதை வேறு, செய்தி வேறு.

அந்தச் சோதனையில் நடந்தது இது. மண்ணில்லாமல் நீரில் வளர்த்த பயிருக்கு, கடல்நீரில் ஏறக்குறையக் காற்பங்கு உப்புள்ள கரைசலை எட்டு நாள் கொடுத்தார்கள். மரபணு ஏற்றிய பயிர் தாங்கியது. ஏற்றாத பாஸ்மதி வாடியது. சட்டியில் வளர்த்து உப்புநீர் பாய்ச்சியபோதும் ஏற்றிய பயிரே மேல். ஆய்வு என்ற அளவில் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மரபணு செய்யும் வேலையைக் கவனியுங்கள். அது உப்பைத் தடுப்பதில்லை, கண்ணா மரம்போல் கக்குவதுமில்லை. உப்பின் தாக்கத்தால் பயிருக்குள் பெருகும் நச்சு ஆக்சிசனை முறிக்கிறது, அவ்வளவுதான். எட்டு நாளைக்கு அது போதும். நாற்றாக இருக்கையில் ஒரு தரமும் பூக்கையில் ஒரு தரமும் உப்புக்கு அஞ்சும் நெல், மூன்றரை மாதம் உவர் மண்ணில் நின்று கதிர் முற்றுவதற்குப் போதுமா? அந்த எட்டு நாள் அதற்குச் சாட்சியாகாது.

அதைவிடப் பெரிய கேள்வி, எதோடு ஒப்பிட்டார்கள் என்பது. பூசா பாஸ்மதி-1 உவர் நிலத்து நெல்லே அல்ல. ஆய்வு முறைப்படி அந்த ஒப்பீடு சரி. கமக்காரரின் தேவைக்கு அது பயன்படாது.

இந்தக் கேள்வியின் கனத்தை ஆங்கிலேயர் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1998இல் மொன்சாண்டோ விதை நிறுவனம் மரபணு மாற்றுப் பயிருக்காகப் பிரித்தானியப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தும் மக்களின் சந்தேகம் தீரவில்லை. அரசு வயலில் இறங்கியது. ஒவ்வொரு வயலையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் களைகொல்லி தாங்கும் மரபணு மாற்றுப் பயிரையும் மறு பாதியில் வழக்கமான பயிரையும் விதைத்துக் களை, வண்டு, தேனீ, வண்ணத்துப்பூச்சி எல்லாம் எண்ணினார்கள். 2003 ஒக்டோபரில் முடிவு வந்தது. பீட்டிலும் வசந்தகால ரேப் எண்ணெய்வித்திலும் மரபணு மாற்றுப் பாதியில் பூச்சியும் களைவிதையும் குறைவு, அதாவது வயலின் உயிர்வளம் மெலிந்தது. சோளத்தில் நேர்மாறு, அங்கே மாற்றுப் பயிரே மேல். ஆனால் சோளத்தின் மறு பாதியில் பெரும்பாலும் தெளித்தது அட்ரசின் என்ற களைகொல்லி. அதே மாதத்திலேயே ஐரோப்பிய ஒன்றியம் அட்ரசினை விலக்க முடிவெடுத்தது. எதைவிட மேல் என்று சொன்னார்களோ, அது வயலைவிட்டே போகப்போகிறது! அனுமதி கிடைத்த அந்தச் சோள விதையையும் 2004இல் பேயர் நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மன்னாரில் அந்த மறு பாதியில் நிற்க வேண்டியது At 354. அம்பலாந்தோட்டையில் உருவாக்கிய, மூன்றரை மாத நெல். கேரளத்துக் கரையோரப் பொக்காளியின் வழிவந்தது. பொக்காளி, சோடியத்தைத் தண்டுக்கும் இலைக்கும் அதிகம் ஏறவிடாமல் மட்டுப்படுத்தும். ஆய்வுகூட நெல் முந்த வேண்டியது இதைத்தான். டெல்லியில் 2025 மே மாதம் அறிவித்த, உப்புத் தாங்கும் மரபணுத் திருத்த நெல்லுக்கும் இதே சோதனைதான். MTU 1010 என்ற நெல்லிலிருந்து வந்த அதை அந்த நெல்லைவிட மேல் என்று காட்டுவதால் நமக்கு ஆவது கொஞ்சம்.

மரபணு மாற்றுப் பயிரின் எதிர்ப்பாளர்கள் சொல்வதையும் இதே தராசில் வைக்க வேண்டும். அவர்களின் வலுவான வாதம் காட்டு நெல். இலங்கையில் காட்டு நெல் இனங்கள் உண்டு. பயிர் நெல்லோடு கலந்து உண்டான களை நெல், வீசி விதைக்கிற வயல்களில் பெருந்தொல்லை. உப்புத் தாங்கும் குணம் களை நெல்லுக்குப் போனால் உவர் வயலிலும் அது தழைக்கும். உண்மைதான். ஆனால் பொக்காளியின் குணமும் அதே மகரந்தத்தில்தான் போகும். அமெரிக்காவில் கிளியர்ஃபீல்ட் நெல் மரபணு மாற்றுப் பயிரே அல்ல. அதன் களைகொல்லி தாங்கும் குணம் அங்குள்ள களை நெல்லுக்குத் தாவிவிட்டது. ஆபத்து குணத்தில் இருக்கிறது. அதை ஆய்வுகூடத்தில் வைத்தார்களா, இனங்கலந்து வளர்த்தார்களா என்பதில் இல்லை. "மரபணு மாற்று" என்ற பெயரை மட்டும் வைத்து விரட்டுவது விளம்பரத்துக்கு விளம்பரத்தால் பதில் சொல்வதுதான்.

நமது சட்டமும் பெயரைத்தான் பார்க்கிறது. 2006இன் உணவு ஒழுங்குவிதி, அனுமதியில்லாமல் மரபணு மாற்று உணவை இறக்கவோ விற்கவோ விடாது, 0.5 வீதத்துக்கு மேல் கலந்திருந்தால் சிட்டையில் எழுதச் சொல்கிறது. கடைத் தட்டுக்கு அது பொருந்தும். வயலில் அந்த விதை என்ன செய்யும் என்று அது கேட்பதில்லை. வயலைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பது 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானியால் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது தெரிந்தது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகத்துக்கு விதைத்தாயிற்று.

இனி உப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். அருவி ஆற்றுத் தண்ணீர் தேக்கத்தில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்துக்கு வந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிகிறது. கடைமடைக்குப் போகையில் தண்ணீர் மெலிந்துவிடும். கழுவிவிடப் போதிய நன்னீரில்லை, வடிகாலும் இல்லை என்றால் உப்பு மேல்மண்ணில் ஏறும். மண்ணில் உப்பளவு மீட்டருக்கு 3 டெசிசீமனைத் தாண்டியதும் நெல்லின் விளைச்சல் இறங்கத் தொடங்கும். உப்புத் தாங்கும் விதை அந்த இறக்கத்தைத் தள்ளிப்போடும், உப்பை அகற்றாது. வடிகால் வெட்டாத வயலில் இந்த வருடம் தாங்குகிற விதை, உப்பு ஏற ஏற ஒருநாள் தோற்கும்.

ஆகவே இன்றைய நிலையில் மரபணு மாற்று உவர் நெல் மன்னாருக்கு வேண்டாம். காரணம் அச்சமல்ல, அது At 354ஐ எங்கள் மண்ணில் இன்னும் வெல்லவில்லை. யாராவது கொண்டுவந்தால், நானாட்டான் பக்கம் கடைமடை வயல் ஒன்றை வரம்பு போட்டுப் பிரித்து, இரண்டு பெரும்போகம் விதைத்துக் காட்டட்டும். மகரந்தம் வெளியே போகாதபடி காவலோடு, விதை நெல்லைக் கமக்காரர் எடுத்து வைக்கும் உரிமையை எழுத்தில் தந்து, செலவை விதைக்காரரே ஏற்று. வடிகாலுக்கான பணத்திலிருந்து இதற்கு ஒரு சதமும் எடுக்கக்கூடாது.