குதிரைக்காரர்

லத்தீன் மொழியில் 'ஆரியுஸ்' என்று ஒரு விகுதி உண்டு. ஒரு பொருளின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, அந்தப் பொருளைக் கொண்டு பிழைக்கிறவனைக் குறிக்கும். பால்காரன், வண்டிக்காரன் என்கிறோமே, ஏறக்குறைய அதே வேலைதான். ரோமாபுரியின் ஆட்சி போன பிறகும் இந்த விகுதி போகவில்லை. லத்தீனின் பிள்ளைகளான பிரெஞ்சும் ஸ்பானிஷும் இதை வைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ஜெர்மானியர்கள் கடன் வாங்கினார்கள் என்பதுதான் விசேஷம். 4-ம் நூற்றாண்டில் உல்ஃபிலா பைபிளைக் காத்திய மொழியில் பெயர்த்தபோது, வேதபாரகரைக் குறிக்க வந்த சொல்லிலேயே இது இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் புத்தகக்காரர் என்று பொருள். இங்கிலீஷில் டீச்சர், ரைட்டர் என்று முடிகிறதே, அந்த முடிவும் இந்த வம்சந்தான். (டாக்டர், கலெக்டர் வேறு வம்சம்.) ஜெர்மனியில் மியூல்லர், செக் நாட்டில் ம்லினார்ஷ், ஹங்கேரியில் மோல்னார் என்று பெயர் வைத்திருக்கும் மூவரும் பெயரளவில் ஒரே மாவு மில்காரனின் வாரிசுகள்.

இதெல்லாம் அகராதிக்காரர்களின் விவகாரம். பட்டியல் போட்டதோடு அவர்கள் நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் அக்கறை வந்தது 'டான் குவிக்ஸாட்' நாவலால்.

லத்தீனில் உயர்ந்த குதிரைக்கு ஒரு சொல். சுமையிழுக்கும் மட்டக் குதிரைக்கு 'கபல்லுஸ்' என்று வேறு சொல். விகுதி இந்த மட்டக் குதிரையின் மேல்தான் ஏறிற்று. நம் குதிரைக்காரன் லாயத்தை விட்டு வெளியே வரவேயில்லை. ஸ்பானிஷ் குதிரைக்காரனோ 'கபயேரோ' ஆகி, பிரபு என்ற அந்தஸ்துக்கே போய்விட்டான். அவன் பின்னால் போகும் சாஞ்சோ 'எஸ்குடேரோ', அதாவது கேடயக்காரன். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே விகுதி!

செர்வாண்டிஸ் இதைத் தெரிந்தே விளையாடுகிறார் என்பது என் கட்சி. மூன்றாம் அத்தியாயத்தைப் பாருங்கள். சத்திரத்தைக் கோட்டையென்று நம்பிய கிழவருக்கு வீரப்பட்டம் சூட்டுகிறவன் சத்திரக்காரன். மந்திரம்போல அவன் முணுமுணுப்பது, கோவேறு கழுதைக்காரர்களுக்குக் கொடுத்த வைக்கோல் கணக்கு நோட்டிலிருந்து. குதிமுள் மாட்டிவிடுகிறவள் மாவு மில்காரன் மகள், தெருப்பெண். பெயரும் மோலினேரா. சத்திரக்காரன், கழுதைக்காரன், மில்காரன் எல்லோரும் மூலத்தில் அந்த 'ஏரோ'வில்தான் முடிகிறார்கள். காரன்கள் கூடி ஒருவரைக் காரன் ஆக்குகிறார்கள். அவரோ அந்தப் பெண்ணையே இனி 'டோன்யா மோலினேரா' என்று மரியாதையோடு சொல்லிக்கொள்ளும்படி வேண்டுகிறார். சிரித்துக்கொண்டே வந்த எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

1605-ல் வந்த முதல் பாகத்தின் தலைப்பில் அவர் 'இடால்கோ'. பிறப்பால் வந்த பெயர் அது. இன்னாருடைய மகன் என்ற பெருமை. 1615-ல் இரண்டாம் பாகத்தின் தலைப்பில் 'கபயேரோ' ஆகிவிட்டார். இரண்டாம் பாகத் தொடக்கத்திலேயே சாஞ்சோ ஊர்ப்பேச்சைக் கொண்டுவருகிறான். நாலு திராட்சைக் கொடியும் துண்டு நிலமும் வைத்துக்கொண்டு இவருக்குக் கபயேரோ பட்டம் ஒரு கேடா என்று இடால்கோக்கள் கேட்கிறார்களாம். பைத்தியம் என்பதைவிட இது ஊராருக்குப் பெரிய குற்றம். பிறப்பைத் தாண்டி ஒரு மனிதன் தானே ஒரு பெயரை ஒட்டவைத்துக்கொள்ளலாமா என்ற சண்டையை விட்டுவிட்டு, இந்த நாவலைக் காற்றாலைக் கூத்தாக மட்டும் படிக்கிறவர்கள் பாதி நாவலைத்தான் படிக்கிறார்கள்.

நம்மில் பெரும்பாலோர் இதை இங்கிலீஷில் படித்தவர்கள். அங்கே 'நைட்' என்ற சொல்லில் குதிரையும் இல்லை, விகுதியும் இல்லை. பிரெஞ்சுக்காரனுக்கு 'ஷெவாலியே' என்றால் குதிரை கண்ணில் படும். இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளர்களை இதற்காகக் குறை சொல்வது நியாயமாகாது. அவர்கள் பாஷையில் வழியில்லை. தமிழில் வழி இருக்கிறது. 'மாவீரர்' என்று எழுதிவிட்டுப் போகாமல், அந்தச் சத்திரத்துக் காட்சியிலாவது எல்லோரையும் 'காரர்' ஆக்கி ஒருவர் எழுதிப் பார்க்க வேண்டும்.