கணக்கில் வராத வாசகிகள்

புத்தகக் காட்சி முடிந்த கையோடு ஆண்டுதோறும் ஒரு புலம்பல் எழுகிறது. இந்தத் தலைமுறைப் பெண்கள் படிப்பதே இல்லை, கைப்பேசி அவர்களை விழுங்கிவிட்டது என்று மேடையில் ஒருவர் பேசுகிறார். அடுத்து வருபவர், அவர்களுடைய அம்மாக்கள் படித்ததும் வாரப் பத்திரிகைத் தொடர்கதைதானே, அதனால் இலக்கியத்துக்கு என்ன லாபம் என்கிறார். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுக் கலைகிறோம். இரண்டும் தவறு. பெண் எந்த நேரத்தில் படித்தாள், அவள் கைக்குப் புத்தகம் எப்படி வந்தது என்று கேட்டுப் பார்க்காதவர்கள் எழுதிய இலக்கிய வரலாற்றிலிருந்துதான் இந்தப் பேச்சு பிறக்கிறது.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில், ரயிலும் நிற்கிற பேரூர் வளவனூர். இலக்கிய வாசகர்களுக்கு அது பாவண்ணனின் ஊர். 1958-இல் அங்கே பிறந்தவர். பைரப்பாவின் 'பருவம்' நாவலைக் கன்னடத்திலிருந்து கொண்டுவந்து சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றவர். 'சங்கு' இதழ் நடத்தும் வளவ. துரையனின் பெயரிலேயே ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தன் இளமைக்கால வாசிப்பைப் பற்றிப் பாவண்ணன் அன்போடும் நன்றியோடும் எழுதியிருக்கிறார். தமிழ் எழுத்தாளர்களின் நூலக நினைவுகளைத் தொகுத்தால் நல்ல கனமான புத்தகம் வரும். ஆனால் அதில் பெரும்பகுதி பையன்களின் நினைவாக இருக்கும். சாயங்காலம் நூலகத்துக்குப் போய், விளக்கு வைத்த பிறகும் திரும்பாமல் இருக்க அவர்களால் முடிந்தது. அதே தெருவில், அதே வகுப்பில் படித்த பெண்பிள்ளை அந்த நேரத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளும் படித்தாள். அவள் படித்ததற்கு இலக்கிய வரலாற்றில் இடம் இல்லை.

பழைய காலத்தை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வட்டாரத்துத் திரௌபதை அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் பாடிப் பொருள் சொல்வார், இரவில் கூத்து நடக்கும். எழுத்தறியாத பெண்களுக்குப் பாஞ்சாலியின் கதை வரிவரியாகத் தெரிந்திருந்தது இப்படிக் கேட்டுத்தான். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, நல்லதங்காள் கதை எல்லாம் பெரிய எழுத்துப் பதிப்புகளில் சந்தைக்கு வந்தன; வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். 1880-களிலிருந்து 'சுகுணபோதினி', 'மகாராணி', 'மாதர் மனோரஞ்சனி' என்று பெண்களுக்கான பத்திரிகைகள் வரிசையாகத் தோன்றின. 1905-இல் தொடங்கிய 'சக்ரவர்த்தினி'க்குப் பாரதியே ஆசிரியராக இருந்தார். இவற்றில் பலவும் பெண்ணைத் திருத்த வந்தவை. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க அவற்றுக்கு நேரம் இருக்கவில்லை.

அதைக் கேட்டவர் வை. மு. கோதைநாயகி. பள்ளிக்கூடம் போகாதவர், சின்ன வயதிலேயே மணமானவர். தான் சொல்லச் சொல்லத் தோழி எழுதிக்கொடுக்க, முதல் நாடகத்தை உருவாக்கியவர். 1925-இல் 'ஜகன்மோகினி'யைத் தன் கையில் எடுத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதினார். கதையின் தரம் பற்றி விமர்சகர்கள் சொன்ன குறைகளில் பாதி சரி. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணை மாதாமாதம் கதைக்காகக் காத்திருக்க வைத்தவர் அவர். அந்தக் காத்திருப்பு இல்லாமல் பின்னால் வந்த வாரப் பத்திரிகைகளின் பெரும் வாசகர் கூட்டம் உருவாகியிருக்காது.

எனக்கு மிகவும் நெருக்கமான காலம் அதற்கு அடுத்தது. 1950-இல் 'பொன்னியின் செல்வன்' கல்கியில் தொடராக வரத் தொடங்கியதிலிருந்து எண்பதுகளின் இறுதிவரை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் காலத்தைத் தீவிர இலக்கியவாதிகள் வணிக எழுத்தின் காலம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். அவர்கள் பார்க்க மறந்தது, வாசகி அந்தப் பத்திரிகையை வைத்து என்ன செய்தாள் என்பதை. வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, படங்கள் கசங்காமல் அடுக்கி, கடைசி அத்தியாயம் வந்ததும் பைண்டு செய்ய அனுப்பியவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்களிடம் புத்தகம் வாங்கக் காசு இல்லை. தங்களுக்கென்று ஒரு நூலகத்தைக் கைப்படச் செய்துகொண்டார்கள். பக்கத்து வீடு, அக்கா வீடு, கல்யாணமாகிப் போன தோழியின் ஊர் என்று அந்தப் பைண்டுகள் சுற்றின. வாடகை நூலகங்களில் நாளுக்கு இவ்வளவு பைசா என்று கணக்குப் போட்டு, இரவோடு இரவாகப் படித்து மறுநாள் திருப்பிக்கொடுத்தார்கள். இத்தனை பாடுபட்டுப் படித்தவர்களைப் பொழுதுபோக்கு வாசகிகள் என்று எழுதிய பேனாக்களுக்குப் பொழுது தாராளமாக இருந்திருக்க வேண்டும்.

எழுதியவர்களும் சாதாரணமானவர்கள் இல்லை. லட்சுமி என்ற புனைபெயரில் எழுதிய திரிபுரசுந்தரி, கதை எழுதிக் கிடைத்த பணத்தைக் கொண்டு மருத்துவம் படித்துத் தேறியவர். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அநுத்தமா கூட்டுக்குடும்பத்தின் சின்னச் சின்ன அநியாயங்களைச் சத்தமில்லாமல் சொன்னார். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே கற்ற ஆர். சூடாமணி, தமிழ்ச் சிறுகதையின் மிக நுட்பமான மனங்களைப் படைத்தார். சிவசங்கரி குடிப்பழக்கத்தை எடுத்துக்கொண்டு 'ஒரு மனிதனின் கதை' எழுதினார். இந்துமதி, வாஸந்தி, அனுராதா ரமணன் எல்லோரும் வேலைக்குப் போகத் தொடங்கிய முதல் தலைமுறைப் பெண்ணின் பேருந்தையும் சம்பளக் கவரையும் மாமியாரையும் கதைக்குள் கொண்டுவந்தவர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ரமணிசந்திரனின் கதாநாயகிகள் எனக்கு உவப்பானவர்கள் இல்லை. பொறுமைக்குப் பரிசாக நல்ல கணவன் கிடைப்பான் என்ற நம்பிக்கை அந்த நாவல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அது பெண்ணுக்கு நல்லது செய்யாத நம்பிக்கை. ஆனால் விழுப்புரம் பேருந்து நிலையக் கடையில் மாத நாவலை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்ட பெண், அன்று அந்தக் காசைத் தனக்காக மட்டும் செலவழித்தாள். அந்தச் செயலின் எடையை உணராமல் அந்த நாவலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது சரியான விமர்சனம் ஆகாது.

தமிழ்ப் புனைவில் வரும் மிகச் சிறந்த வாசகியும் இந்தக் காலத்தில்தான் பிறந்தாள். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையின் முடிவை ஜெயகாந்தன் பின்னர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் மாற்றி யோசித்தார். அதில் நாயகி கங்கா வாரப் பத்திரிகையில் வந்த ஒரு கதையைப் படிக்கிறாள். அது தன் கதை என்று தெரிந்துகொள்கிறாள். தன் வாழ்க்கையில் நடக்காத ஒரு முடிவை அந்தக் கதைக்கு எழுதியவர் யார், ஏன் அப்படி எழுதினார் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருக்கிறது. எழுத்தாளரோடு மனத்துக்குள் இப்படி மல்லுக்கு நிற்கும் வாசகர் நம் இலக்கியத்தில் வேறு யார்? அவள் கையில் இருந்தது சிறுபத்திரிகை அல்ல; எல்லா வீட்டுக்கும் வந்துகொண்டிருந்த வார இதழ். தீவிர வாசிப்பு எங்கே நடக்கும் என்று ஜெயகாந்தனுக்குத் தெரிந்திருந்தது.

சிறுபத்திரிகைகளில் 'எழுத்து' 1959-இல் தொடங்கியது, 'கசடதபற' 1970-இல். நம் கவிதையின் திசையை மாற்றியவை அவை; அதற்கு என்றும் கடன்பட்டிருக்கிறோம். சில நூறு பிரதிகள் அச்சடித்து, நண்பர்களுக்குள் கைமாறி, தேநீர்க் கடையிலும் அறையிலும் பேசித் தீர்க்கப்பட்ட அந்த உலகத்துக்குள் வளவனூர்ப் பெண் எந்த வழியாக நுழைந்திருக்க முடியும்? அவளை அழைக்க யாரும் வரவில்லை. வராதவளுக்கு ரசனை இல்லை என்று மட்டும் எழுதினார்கள்.

வழி கிடைத்தபோது என்ன நடந்தது என்பதற்குச் சல்மா சாட்சி. 1968-இல் துவரங்குறிச்சியில் பிறந்தவர். பருவமெய்தியதும் பள்ளி நின்றது, வீட்டுக்குள் அடைக்கப்பட்டார். அதற்கு முன் ஊர் நூலகம் அவருக்குப் புத்தகங்களைக் காட்டியிருந்தது. அந்தப் பசி அடங்கவில்லை; கணவர் வீட்டில் ஒளிந்து எழுதினார். 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இன்னொரு கதவைத் திறந்தது. புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது எழுத்துக் கற்ற பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். அதன் பிறகு அவர்கள் தாங்களே படிப்பதற்கான புத்தகங்களைத் தொடர்ந்து கொடுக்க நம்மால் முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவள், படிக்க ஒன்றும் இல்லாமல் நின்றாள். 2011 கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களின் எழுத்தறிவு 73.44 விழுக்காடு. அந்த எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள், அந்தப் பெண்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு கதைப் புத்தகம் இருக்கிறது என்று கேட்பதில்லை.

இன்றைக்கு வருவோம். வளவனூரில் இருபத்திரண்டு வயதுப் பெண் விடியுமுன் எழுகிறாள். குழாயில் தண்ணீர் வரும் நேரம், கோலம், அடுப்பு, தம்பிக்குச் சோறு. பிறகு விழுப்புரம் ஜவுளிக் கடைக்கோ, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கோ, கல்லூரிக்கோ பயணம். கடையில் வேலை பார்ப்பவர் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021-இல் சட்டத் திருத்தம் வர வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மே மாதம் முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பயணம்தான் அவளுக்கு நாளில் கிடைக்கும் தனி நேரம். அங்கே அவள் கைப்பேசியில் கதை படிக்கிறாள். 2014-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி செயலியில் தொடர்கதைகள் அத்தியாயம் அத்தியாயமாக வருகின்றன. எழுதுகிறவர்களில் ஏராளமானவர்கள் அவளைப் போன்ற பெண்கள். அவற்றில் பலவற்றில் பெண்ணை மிரட்டி ஆளும் நாயகனைக் கொண்டாடுகிறார்கள், அது என்னைக் கவலைப்பட வைக்கிறது. அந்தக் கவலையைத் தீர்க்க வேறு நல்ல கதை அவள் கைக்குப் போக வேண்டும். படிக்கிறவளைப் பார்த்துப் படிப்பதில்லை என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை.

இன்னொரு வாசிப்பும் இருக்கிறது. அதை யாரும் வாசிப்பாகவே ஒப்புக்கொள்வதில்லை. எந்த ஊர் நூலகத்துக்குள் போனாலும் தேர்வாணையத்தின் குரூப் நான்கு தேர்வுக்குப் படிக்கும் இளம்பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை தமிழ்ப் பாடநூல்களைக் கரைத்துக் குடிக்கிறார்கள். நூல், ஆசிரியர், அடைமொழி என்று மனப்பாடம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமே, 2022 முதல், அவர் பெயரில் நடக்கிறது. ஆனால் அவர் 1936-இல் எழுதிய 'தாசிகள் மோசவலை' நாவலை அந்தப் பெண்ணின் கையில் நாம் வைத்ததில்லை. தமிழ் இலக்கியத்தைத் தினமும் நாலு மணி நேரம் தொட்டுக்கொண்டிருக்கும் இத்தனை பெரிய கூட்டம் நம் வரலாற்றில் முன்பு இருந்ததில்லை. அவர்களுக்கும் இலக்கியத்துக்கும் நடுவே ஒரு மதிப்பெண் வினா நிற்கிறது.

நான் சொல்ல வரும் திசை இதுதான்: வாழ்க்கையின் உழைப்பைச் சொன்ன பெண் எழுத்து இந்த வாசகியிடம் போய்ச் சேர வேண்டும். ராஜம் கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். கள ஆய்வு செய்து நாவல் எழுதியவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி 1979-இல் 'கரிப்பு மணிகள்' எழுதினார். திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது. பெண்கள் காலில் புண்ணோடு உப்பு வாருகிறார்கள். அவர்களின் மகள் கல்லூரிக்குப் போகிறாள். தன் அம்மாவின் உடம்பைப் பற்றி எழுதப்பட்ட நாவல் தமிழில் இருப்பது அவளுக்குத் தெரியாது. சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' இருப்பதும் தெரியாது. 2009-இல் ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் அவர் உயிரோடிருக்கும்போதே நாட்டுடைமை ஆயின. யார் வேண்டுமானாலும் மலிவு விலையில் அச்சிடலாம். மாத நாவலான ராணிமுத்து விலையில், ராணிமுத்து தொங்கும் அதே கடையில் 'கரிப்பு மணிகள்' தொங்கலாம். நம் பதிப்பாளர்கள் கெட்டி அட்டையையும் சென்னை வாசகரையும் தாண்டி யோசித்தால் போதும்.

2021 அக்டோபரில் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான் அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டிய தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். பிள்ளைகளுக்காக அரசு 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை வைத்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டது. நல்ல காரியம். வாசித்துக் காட்டிய அந்தப் பெண்ணுக்கு அடுத்த புத்தகம் எது என்று யாரும் யோசிக்கவில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராய் அனுப்பியவர்கள் நாம். இன்றும் ஒவ்வொரு வீட்டுச் சொத்துவரியோடும் நூலக வரி சேர்த்தே வசூலாகிறது. வளவனூர்ப் பெண்ணின் வீடும் அதைக் கட்டுகிறது. அவள் வேலை முடிந்து பேருந்தை விட்டு இறங்கும்போது ஏழு மணி தாண்டிவிடுகிறது. விழுப்புரம் மாவட்ட நூலக ஆணைக்குழு தன் கிளை நூலகங்களையும் ஊர்ப்புற நூலகங்களையும் இரவு எட்டரை வரை திறந்து வைக்கட்டும். வாசலில் விளக்கும் உள்ளே கழிப்பறையும் இருக்கட்டும். போட்டித் தேர்வு அலமாரிக்குப் பக்கத்திலேயே ராஜம் கிருஷ்ணனையும் சூடாமணியையும் சல்மாவையும் தமிழ்ச்செல்வியையும் வைக்கட்டும். விமர்சக நண்பர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போகுமுன் அங்கே ஒரு மாலை உட்கார்ந்து, யார் எதை எடுத்துப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.