மூன்று மில்லிமீட்டர் பீரங்கி

உத்திரமேரூருக்கு ஆவடி ஒன்றும் அதிக தூரமில்லை. ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் 1960களின் நடுவில் 'விஜயந்தா' டாங்கி தயாராகத் தொடங்கியது. வடிவமைப்பு பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடையது. அந்த டாங்கியை 35-ல் ஒரு பங்கு மாடலாகச் சுருக்கினால், 105 மி.மீ. பீரங்கியின் வாய் சரியாக 3 மி.மீ. பால்பாயின்ட் பேனா ரீஃபிலின் பருமன்!

டாங்கி மாடல்களுக்கு இந்த 1:35 அளவு வந்த கதை வேடிக்கையானது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானிய பேந்தர் டாங்கியை மோட்டார் வைத்த மாடலாகச் செய்தது. உள்ளே பேட்டரி அடங்க வேண்டும். அதற்கேற்ப அமைந்த அளவே பிறகு உலக வழக்காகிவிட்டது.

மாடலின் பாகங்களை ஒட்டுவதற்குப் பொறுமை போதும். நிஜ வண்டிபோல அழுக்காக்கத்தான் கண் வேண்டும். பச்சை பெயின்ட் காய்ந்ததும், நீர்க்கக் கரைத்த அடர்பழுப்பை ரிவெட்டுகளைச் சுற்றித் தொட்டு வைப்பார்கள். அது இடுக்குகளில் தானே ஓடித் தங்கும். அடுத்து, பிரஷ்ஷில் வெளிர்நிறம் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உரசுவார்கள். மறைந்திருந்த போல்ட்டுகள் எழுந்து நிற்கும்.

புதிதாகச் செய்பவர்கள் துருவை அள்ளிப் பூசிவிடுகிறார்கள். ஓடுகிற டாங்கியில் அவ்வளவு துரு ஏது? படைவீரர்கள் பெயின்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள். துரு சேரும் இடம் சூடேறும் புகைக்குழாய். சங்கிலிப் பட்டையில் தரை படும் பகுதியோ தேய்ந்து பளபளக்கும். அங்கே பென்சில் கரியைத் தேய்த்தால் போதும்.

தூசிக்கு விலை கொடுத்துப் பொடி வாங்க வேண்டியதில்லை. உத்திரமேரூர் ஏரிக்கரை மண்ணை உலர்த்தி, பழைய வேட்டித் துணியில் சலித்தாலே கிடைக்கும். ஆனால் ராஜஸ்தான் பாலைவனத்து வண்டி என்றால் மணல் நிறத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.